கைவரப் பெறுதல்

“அவனுக்குக் கை வராது” என்று கூறி ஒரு மாணவனை ஒதுக்கிவிடுதல் பள்ளிக்கூடங்களில் நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கமாகும். எழுத்துக் கோணினால் கை வராது. துடுப்பாட்டத்திற் பந்தைப் பலமுறை தவறவிட்டால் கை வராது. மிருதங்கத்தில் தாளம் பிசகினால் கை வராது. இத்தீர்ப்பை வழங்க ஒரு நிமிடம் போதும். அதனைக் கேட்டவனோ தன் ஆயுள் முழுவதும் அதனைச் சுமந்து திரிகின்றான். கல்லூரியை விட்டு நீங்கிப் பல்லாண்டு கழிந்த பின்னரும், பழைய மாணவர் ஒன்றுகூடுமிடத்து, “எனக்குச் சித்திரம் வரவே வராது” என்று தம்மைக் குறித்துத் தாமே உறுதியுரைப்போரைக் காண்கிறோம். பத்து வயதிற் பிறர் கூறியதை அறுபது வயதிலும் மெய்யென்றே கொண்டிருக்கின்றனர். அத்தீர்ப்பு எவ்வளவிற்கு உண்மையானது என்பதை இக்கால மூளை விஞ்ஞானத்தின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு தொழிலில் தேர்ச்சி அடைதலைத் தமிழர் ‘கைவரப் பெறுதல்’ என்பர். வருவது உண்மையிற் கைக்குத்தானா? பயிற்சியால் தசைகள் வலிமை பெறுகின்றன என்பது மெய்யே. ஆயினும் ஒன்றை நோக்குக. ஓர் ஆசிரியர் தாளிலே பேனாவினால் எழுதும்போது பெரிதும் தொழிற்படுவன விரல்களும் மணிக்கட்டும். அவரே கரும்பலகையில் வெண்கட்டியினால் எழுதும்போது தொழிற்படுவன முழங்கையும் தோளும். தசைகள் வேறு; ஆயினும் இரு கையெழுத்தும் ஒரே சாயலுடையன. ஆகவே எழுத்தின் வடிவம் விரலிலும் இல்லை, தோளிலும் இல்லை. அவ்விரண்டையும் ஏவுகின்ற ஓரிடத்தில் உள்ளது. அவ்விடம் மூளையே.

மறந்தவர் கற்ற பாடம்

இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டிய வரலாறு ஒன்றுண்டு. அமெரிக்க நாட்டவரான ஹென்றி மொலேசன் என்பவர் கடுமையான காக்கைவலிப்பினால் வருந்தினார். 1953 ஆம் ஆண்டில், அவருக்கு 27 வயதாயிருந்தபோது, ஹாட்போட் நகரில் வில்லியம் ஸ்கோவில் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர் அவருடைய மூளையின் இருபுறத்தும், கன்னப்பொறிகளுக்கு உள்ளே ஆழத்தில் அமைந்த பகுதிகளை அகற்றினார். வலிப்புப் பெரிதும் தணிந்தது. ஆயின் புதிய நிகழ்ச்சி எதனையும் நினைவில் நிறுத்தும் ஆற்றல் அவரை விட்டு நீங்கிற்று. சற்று முன் உரையாடிச் சென்றவர் மீண்டும் வந்தால், அவரைப் புதியவராகவே கருதுவார்.

1955 ஆம் ஆண்டில் மொன்றியலிலிருந்து சென்ற பிறெண்டா மில்னர் என்னும் உளவியலறிஞர் அவருக்கு ஒரு பயிற்சியைக் கொடுத்தார். இரட்டைக் கோடுகளால் வரையப்பட்ட விண்மீன் உருவம் ஒன்று. அக்கோடுகளின் இடைவெளியிலே பென்சிலைச் செலுத்தி உருவத்தைச் சுற்றி வரவேண்டும். கையை நேரே பார்த்தல் கூடாது; கண்ணாடியில் தோன்றும் பிம்பத்தை மட்டுமே பார்க்கலாம். முயன்று பார்ப்போர் இதன் அருமையை உணர்வர். மேலே செலுத்த எண்ணிய பென்சில் கீழே இறங்கும். மூன்று நாட்கள், நாளொன்றுக்குப் பத்து முறையாக அவர் இதனைச் செய்தார். பிழைகள் படிப்படியாகக் குறைந்தன. மூன்றாம் நாள் அவர் கை ஏறக்குறையப் பிழையின்றி இயங்கிற்று. வியப்பு யாதெனில், ஒவ்வொரு நாளும் அப்பயிற்சி அவருக்குப் புதிதாகவே தோன்றிற்று. முன்னர் ஒருகாலும் அதனைச் செய்ததாக அவர் அறியார்.

1962 இல் வெளியான இச்சோதனையிலிருந்து அறிஞர் பெற்ற முடிபு இது: நிகழ்ச்சிகளை நினைவுகூரும் ஆற்றல் வேறு, செய்தொழிலைக் கற்கும் ஆற்றல் வேறு. முன்னதை இழந்தவரிடத்தும் பின்னது நிலைத்திருக்கலாம். மொலேசன் 2008 இல் இறக்கும்வரை அறிஞர் பலர்க்கும் ஒத்துழைத்து, தாம் நினைவிற் கொள்ள இயலாத ஒரு பேருதவியை உலகிற்குச் செய்தார்.

ஆசிரியர்க்கு இதிலே ஒரு படிப்பினை உண்டு. துடுப்பை எவ்வாறு பிடித்தல் வேண்டும் என்னும் விதிகளை ஒப்புவிக்கும் மாணவன் துடுப்பாடக் கற்றவனல்லன். சொல்லிக் கொடுத்தல் ஒரு வழியாற் செல்கின்றது. செய்து பழகுதல் மற்றொரு வழியாற் செல்கின்றது. முன்னதைக் கொண்டு பின்னதை ஈடுசெய்தல் இயலாது.

மூளையிலுள்ள படம்

வளர்ந்த மனிதனின் மூளை ஏறக்குறைய 1.4 கிலோகிராம் எடையுள்ளது. அதில் நரம்புக்கலங்கள் ஏறத்தாழ 8,600 கோடி உள்ளன. ஒவ்வொரு கலமும் நரம்பிணைப்புகளின் வாயிலாக வேறு பல கலங்களோடு தொடர்பு கொண்டுள்ளது.

1870 ஆம் ஆண்டில் பேர்ளின் நகரில் பிறிட்ஷ், ஹிற்சிக் என்னும் இருவர் நாயொன்றின் மூளை மேற்பட்டையில் மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தினர். குறித்த ஓரிடத்தைத் தீண்டியபோது மறுபக்கத்துக் கால் அசைந்தது. பின்னர் மொன்றியலில் வைல்டர் பென்பீல்ட் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர், விழிப்பு நிலையிலிருந்த நோயாளரின் மூளையை ஆராய்ந்து, உடலுறுப்புகள் மேற்பட்டையிலே எவ்வெவ்விடத்தாற் செலுத்தப்படுகின்றன என்பதை 1937 இல் படமாக வகுத்தார். அப்படத்தில் முதுகிற்கும் வயிற்றிற்கும் சிறிதளவு இடமே உண்டு. கைக்கும் உதட்டிற்கும் நாவிற்கும் உரிய இடம் மிகப் பெரிது. நுண்ணிய தொழில் செய்யும் உறுப்பிற்கு மூளை மிகுந்த நிலத்தை ஒதுக்கியுள்ளது.

இப்படம் குழந்தைப் பருவத்திற்குப் பின் மாறாதது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. ‘கை வராது’ என்னும் தீர்ப்பிற்கு விஞ்ஞானமும் துணை நின்ற காலம் அது. அக்கருத்து நிலைக்கவில்லை.

1995 ஆம் ஆண்டில் அவி கார்னியும் அவர்தம் துணைவரும் அமெரிக்காவிலே செய்த சோதனை எளியது; வாசகர் இப்பொழுதே தம் விரல்களிற் செய்து பார்க்கலாம். பெருவிரலினால் மற்றை நான்கு விரல்களையும் ஒரு குறித்த ஒழுங்கில் தொடவேண்டும். நாளொன்றுக்கு 10 முதல் 20 நிமிடம் வரை பயின்றவர்கள், சில வாரங்களில் முன்னையினும் ஏறக்குறைய இருமடங்கு விரைவு பெற்றனர். அவர்கள் மூளையைக் காந்தப் படக்கருவியினால் நோக்கியபோது, பயின்ற ஒழுங்கைச் செய்கையில், கைக்குரிய மேற்பட்டையிலே தொழிற்படும் பரப்பு விரிந்திருந்தது. அதே விரல்களை வேறோர் ஒழுங்கிலே தொடச் செய்தபோது அவ்விரைவும் இல்லை, அவ்விரிவும் இல்லை. ஆகவே விரல்களுக்குப் பொதுவான ஆற்றலொன்று வந்துவிடவில்லை, பயின்றதுவே பதிந்தது.

அதே ஆண்டில் அல்வாரோ பஸ்குவால் லியோன் என்பவரும் துணைவரும் பியானோ அறியாதார்க்கு ஐவிரற் பயிற்சி ஒன்றை நாளொன்றுக்கு இரண்டு மணி நேரமாக ஐந்து நாட்கள் கற்பித்தனர். அவ்விரல்களுக்குரிய மூளைப் பரப்பு நாள்தோறும் விரிந்தது. மற்றொரு குழுவினர் வாத்தியத்தின் முன் அமர்ந்து, விரலை அசையாமல், வாசிப்பதை உள்ளத்தால் மட்டும் எண்ணிப் பயின்றனர். அவர்களுடைய மூளையிலும் ஒத்த விரிவு காணப்பட்டது. வாசிப்பில் அவர்கள் கையாற் பயின்றாரினும் பின்தங்கியிருந்தனர்; ஆயினும் ஒருமுறை இரண்டு மணி நேரம் கையாற் பயின்றதும் அவர்களை எட்டிப்பிடித்தனர். மனப்பயிற்சி கைப்பயிற்சிக்கு ஈடாகாது. ஆயின் அது வீணுமன்று.

கண்ணிற்குத் தெரியும் மாற்றம்

தொழிற்பாடு மாறுவது ஒருபுறமிருக்க, மூளையின் உருவமும் மாறுகின்றதா? ஜேர்மனியில் றீகன்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் செய்யப்பெற்று 2004 இல் வெளியான ஆராய்ச்சியொன்று இதற்கு விடை கூறிற்று. மூன்று பந்துகளை மாறி மாறி மேலெறிந்து பிடிக்கும் வித்தையை ஒரு குழுவினர் மூன்று மாதம் பயின்றனர். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடுத்த மூளைப் படங்களை ஒப்பிட்டபோது, அசையும் பொருளைக் கண்ணால் அறிவதற்குரிய பகுதிகளிற் சாம்பனிறப் பொருளின் பருமன் சிறிது கூடியிருந்தது. பின்னர் மூன்று மாதம் அவர்கள் பயிற்சியை விட்டிருந்தனர்; கூடிய பருமன் குறையத் தொடங்கிற்று. 2009 இல் ஒக்ஸ்போர்ட்டில் வெளியான மற்றோர் ஆராய்ச்சி, ஆறு வாரம் இவ்வித்தையைப் பயின்றோரிடத்து, மூளையின் பகுதிகளை ஒன்றோடொன்று இணைக்கும் வெண்ணிற நார்களிலும் மாற்றம் உண்டு என்று காட்டிற்று.

இம்மாற்றம் எத்துணை விரைவிலே தொடங்குகின்றது என்பதை எலிகளிடத்துக் கண்டனர். சிறு துவாரத்தினூடே கையை நீட்டித் தானியத்தை எடுக்கப் பழக்கிய எலிகளின் மூளையில், முதற் பயிற்சி நடந்து ஒரு மணி நேரத்திற்குள்ளேயே நரம்புக்கலங்களின் கிளைகளிற் புதிய நுண்முட்கள் அரும்பியிருந்தமையை 2009 இல் கலிபோர்னியாவில் ஆராய்ந்தோர் அறிவித்தனர். நரம்பிணைப்புகள் பல இத்தகைய முட்களிலேயே அமைகின்றன. பயிற்சி தொடர்ந்தபோது புதிய முட்கள் நிலைபெற்றன. பழையன சில மறைந்தன. புல்வெளியிற் பலகால் நடந்தவிடம் ஒற்றையடிப் பாதையாவதும், நடவாதவிடம் மீண்டும் புல்லால் மூடப்படுவதும் போன்றது இது.

பிழையினால் வரும் பயன்

தலையின் பின்புறத்தே அமைந்த சிறுமூளை எடையிற் பத்திலொரு பங்கேயாயினும், மூளையின் நரம்புக்கலங்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு அதனிடத்தே உள்ளன. நினைத்த அசைவிற்கும் நிகழ்ந்த அசைவிற்கும் உள்ள வேறுபாட்டை அறிந்து திருத்துவது அதன் தலையாய தொழில்களுள் ஒன்று. கை தவறும்போது, பிழையை அறிவிக்கும் தனி நார் ஒன்றின் வழியாகச் செய்தி வருகின்றது. தவறான அசைவிற்குக் காரணமாயிருந்த நரம்பிணைப்புகளின் வலிமை அதனாற் குறைக்கப்படுகின்றது. இக்கொள்கையின் அடிப்படையை 1969 இல் டேவிட் மார் என்பவரும் 1971 இல் ஜேம்ஸ் அல்பஸ் என்பவரும் வகுத்தனர். அத்தகைய வலிமைக் குறைவு மெய்யாகவே நிகழ்வதைப் பின்னர் யப்பானிய அறிஞர் மசாவோ இட்டோ காட்டினார்.

இதிலிருந்து நாம் அறியவேண்டுவது ஒன்றுண்டு. பிழையென்பது கல்விக்கு இடையூறன்று. சிறுமூளைக்கு அதுவே பாடநூல். பிழை செய்தவனை அடித்து அஞ்சச்செய்யும் ஆசிரியர், அவன் கையைத் திருத்துதற்குரிய வாயிலையே அடைத்துவிடுகின்றார். அஞ்சியவன் முயலான், முயலாதவன் பிழை செய்யான், பிழை செய்யாதவன் திருந்துதற்கு வழியில்லை.

மூளையின் ஆழத்தேயுள்ள நரம்புத்திரள்களுக்கும் இதிற் பங்குண்டு. தனித்தனி அசைவுகளைக் கோத்து ஒரே தொடராக்கி, எண்ணாமலே நிகழச் செய்வன அவை. டோபமின் என்னும் இரசாயனப் பொருள் அவற்றிற்கு இன்றியமையாதது. பார்க்கின்சன் நோயினால் டோபமின் குன்றியவர்க்கு, பல்லாண்டு பழகிய நடையும் தடைப்படுகின்றது. கையெழுத்தும் வரவரச் சிறுக்கின்றது.

பயிலும் முறை

இவ்வாராய்ச்சிகளோடு பயிற்சிமுறை பற்றிய சோதனைகளையும் சேர்த்து நோக்கினால், மாணவர்க்குப் பயன்படும் சில முடிபுகள் பெறப்படும்.

முதலாவது, நாள்தோறும் சிறிது பயில்தல். கார்னியின் சோதனைக்கு நாளொன்றுக்கு 20 நிமிடத்தின் மேல் வேண்டியிருக்கவில்லை. பரீட்சைக்கு முதல்நாள் இரவிலே கண்விழித்துச் சரித்திரம் படித்துத் தேறியோர் நம்முள் உளர். கண்விழித்து வயலின் கற்றுத் தேறியோர் எவருமிலர்.

இரண்டாவது, உறக்கம். 2002 இல் ஹாவாட் பல்கலைக்கழகத்தார் விரற்பயிற்சி ஒன்றைக் கற்பித்துப் பன்னிரண்டு மணி நேரத்தின் பின் மீண்டும் சோதித்தனர். இடையில் இரவு உறங்கியவர்கள் ஏறக்குறைய 20 வீதம் விரைவு கூடியிருந்தனர்; பகலில் விழித்திருந்தவர்களிடம் அத்துணை ஏற்றமில்லை. இதிலே உறக்கத்தின் பங்கு எவ்வளவு, ஓய்வின் பங்கு எவ்வளவு என்பது பற்றி அறிஞரிடையே வாதம் உண்டு. ஆயினும் பயிற்சியை நிறுத்திய பின்னரும் மூளை கற்றலை நிறுத்துவதில்லை என்பதில் ஐயமில்லை.

மூன்றாவது, கலந்து பயில்தல். 1979 இல் ஷே, மோர்கன் என்போர் மூன்று வகைக் கையசைவுகளை இரு குழுவினர்க்குக் கற்பித்தனர். ஒரு குழுவினர் ஒன்றை முடித்த பின்னரே அடுத்ததைப் பயின்றனர். மற்றைக் குழுவினர் மூன்றையும் கலந்து பயின்றனர். பயிலும்போது முன்னவரே சிறந்து விளங்கினர். பத்து நாட்களின் பின்னர்ச் சோதித்தபோதோ, நன்கு நினைவிற் கொண்டிருந்தவர் கலந்து பயின்றவரே. ஆகவே பயிற்சி நாளன்று காணும் திறமையைக் கொண்டு மாணவனை மதித்தல் தவறாகும்.

நான்காவது, தேக்கத்திற்கு அஞ்சாமை. 1897 இல் பிறயன், ஹாட்டர் என்போர் தந்தித் தொழில் பயில்வோரை ஆராய்ந்தனர். செய்தியைக் காதாற் கேட்டு வாங்கும் திறன் சில காலம் வளர்ந்து, பின் வாரக்கணக்காக ஓரிடத்தே நின்று, அதன் பின்னர் மீண்டும் உயர்ந்தமையைக் கண்டனர். எழுத்தெழுத்தாகக் கேட்டவர் சொற்சொல்லாகக் கேட்கத் தொடங்குமுன் இத்தேக்கம் நேர்ந்தது என்பது அவர்கள் கொண்ட விளக்கம். ‘கை வராது’ என்னும் தீர்ப்புப் பெரும்பாலும் இத்தேக்கத்தின்போதே வழங்கப்படுகின்றது.

ஐந்தாவது, தீய பழக்கத்தை விலக்கல். மூளைக்கு நல்லது தீயது தெரியாது. திரும்பத் திரும்பச் செய்வது எதுவோ அது பதியும். பிழையைக் கண்டு திருத்துதல் கல்வி. பிழையைக் காணாது நூறுமுறை செய்தல் அப்பிழைக்கே பயிற்சி. அன்றியும், ஓய்வின்றி ஒரே அசைவை மிகைபடச் செய்யும் வாத்தியக்காரர் சிலர்க்கு விரல்கள் தம் வசமிழந்து மடங்கும் நோயும் வருவதுண்டு. அளவறிந்து பயில்தல் வேண்டும்.

வயதும் நோயும்

“ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?” என்பது பழமொழி. இளமையின் சிறப்பை மறுப்பார் இல்லை. நரம்பு வாத்தியக்காரரின் இடக்கை விரல்களுக்குரிய மூளைப்பகுதி பிறரதினும் பெரிது என்பதும், இளமையிலே தொடங்கியவரிடத்து அது மேலும் பெரிது என்பதும் 1995 இல் ஜேர்மனியில் தெரியவந்தன. ஆயினும் 2008 இல் அந்நாட்டில் அறுபது வயதளவினர்க்கும் பந்தெறியும் வித்தையைக் கற்பித்துப் பார்த்தனர். இளையோரைப் போல எளிதிற் கற்றாரல்லர். பலர் முழுத் தேர்ச்சி பெறவுமில்லை. ஆயின் கற்றவர் மூளையில் இளையோரிடத்துக் கண்ட மாற்றம் காணப்பட்டது. ஐம்பதில் வளைவது கடினம், வளையாதென்பதில்லை.

இவ்வுண்மை வெறும் பொழுதுபோக்கிற்கு மட்டும் உரியதன்று. நம் பழைய மாணவர் பலர் பாரிசவாதத்தால் தாக்குண்டு ஒரு கை வழங்காது இருத்தலை அறிவோம். “இனி அக்கை வராது” என்று வீட்டாரும் கைவிடுவதுண்டு. 1996 இல் றண்டொல்ப் நூடோவும் துணைவரும் குரங்குகளின் மூளையிற் கைக்குரிய பகுதியில் ஒரு சிறு இடத்தைச் சேதமாக்கி ஆராய்ந்தனர். பயிற்சியில்லாத குரங்குகளிடத்து, சேதமுறாது எஞ்சிய கைப்பகுதியும் சுருங்கிற்று. நலிந்த கையினால் உணவெடுக்கப் பழக்கியவற்றிடத்து அது காக்கப்பட்டது, சிலவற்றில் விரிந்தது. எட்வேட் டோப் என்னும் அறிஞரின் ஆராய்ச்சிவழி வந்த சிகிச்சையொன்றில், நல்ல கைக்கு உறையிட்டுக் கட்டுப்படுத்தி, நலிந்த கையையே இரு வாரம் இடைவிடாது பயில்விப்பர். மணிக்கட்டிலும் விரல்களிலும் சிறிதளவேனும் அசைவு எஞ்சிய 222 நோயாளரிடத்து அமெரிக்காவில் இதனைச் சோதித்தனர். வழக்கமான பராமரிப்புப் பெற்றவரினும் இப்பயிற்சி பெற்றவர் நலம் அடைந்தனர் என்றும், அந்நலம் ஓராண்டின் பின்னரும் நிலைத்தது என்றும் 2006 இல் அறிவிக்கப்பட்டது. நோயாளரைப் படுக்கையிற் கிடத்தி, எல்லாவற்றையும் நாமே செய்து கொடுப்பது அன்பினாலேதான். ஆயின் அவ்வன்பு அக்கைக்குரிய பயிற்சியைப் பறித்துவிடுகின்றது. மருத்துவரும் பயிற்சியாளரும் காட்டும் வழியில் அவரே செய்யத் துணைநிற்றல் அதனினும் பெரிய அன்பு.

பயின்றார் யாவரும் ஒரு தரத்தினராவர் என்று நாம் கூறவில்லை. இயற்கை கொடுத்த வேறுபாடுகள் உண்டு. ஒருவர் ஒரு மாதத்தில் அடைவதை மற்றவர் ஓராண்டில் அடைதல் கூடும். ஆயின் பயிற்சியைக் கொடாமலே அவ்வேறுபாட்டை அளந்தறிய முயல்வது, நீர் ஊற்றாமலே நிலத்தைப் பழித்தலை ஒக்கும்.

‘வராது’ என்பதற்கும் ‘வரவில்லை’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை இலக்கண வகுப்பிலே கற்றோம். முன்னது வருங்காலத்தையும் சேர்த்து மூடிவிடுகின்றது. பின்னது இன்றுவரை நிகழாமையை மட்டும் கூறுகின்றது. மூளையைப் பற்றி இன்று நாம் அறிந்தவற்றை வைத்து நோக்கின், ஆசிரியர் ஒருவர் நேர்மையுடன் கூறத்தக்கது பின்னது ஒன்றே. இவ்விழாக் காலத்திற் கல்லூரி அன்னைக்குக் கட்டடமும் நிதியும் வழங்கும் பழைய மாணவர், அவள் மடியிற் பயிலும் இளஞ்சிறார்க்கு இவ்வொரு சொல்லையும் திருத்தி வழங்குவார்களாக. தமக்குத் தாமே வழங்கிக்கொண்ட பழைய தீர்ப்பையும் அவ்வாறே திருத்தி, விட்ட வயலினையோ தூரிகையையோ மீண்டும் கையில் எடுப்பார்களாயின் நாம் மகிழ்வோம்.